பதினான்காம் நம்பர் சீட்: அணுகல்தன்மையை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

தனியார் பஸ் நிறுவனம் ஒன்றுக்காக டிக்கெட் முன்பதிவுத் தளம் செய்துகொண்டிருந்தோம். ஏழு பேர் கொண்ட குழு. முக்கால்வாசி வேலை முடிந்திருந்த நேரத்தில், பார்வையற்ற நண்பர் ஒருவரை அழைத்து, "சும்மா ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்கள் சார்" என்று உட்காரவைத்தோம். தன் லேப்டாப்பில், திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, மவுஸைத் தொடாமல், டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனார். புறப்படும் ஊர், சேரும் ஊர் போட்டார். தேதியோடு கொஞ்சம் மல்லுக்கட்டினார். பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த தட்டுக்கு "தொடரவும், பட்டன்" என்றது குரல். அம்புக்குறி விசையால் மேலும் கீழும் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "என்ன சார், வண்டி ஃபுல்லா?" என்றார்.

வண்டியில் முப்பது படுக்கை, இருபத்திரண்டு காலி. எங்களுக்கு அவை பளிச்சென்று தெரிந்தன: காலியானது வெள்ளை, போனது சாம்பல், பெண்களுக்கு ரோஸ். ஆனால் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் ஒவ்வொரு கட்டமும் வெறும் 'டிவ்', அதாவது தான் என்னவென்று சொல்லாத வெற்றுப் பெட்டி. மவுஸால் சொடுக்கினால் வேலை செய்யும். கீபோர்டில் அங்கே போக வழியே கிடையாது. சீட் எண்கூட மவுஸை மேலே கொண்டுபோனால்தான் தெரியும். அவருடைய ஸ்கிரீன் ரீடரைப் பொறுத்தவரை அந்த இடம் வெற்றுச் சுவர்.

அணுகல்தன்மையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவதை, எப்படிக் கொண்டுவருவது என்று அன்று சாயங்கால மீட்டிங்கில் நாலு யோசனை வந்தது. வேலையை முடித்துவிட்டு, கடைசியில் வெளியாளை வைத்துத் தணிக்கை செய்து, அவர் சொல்வதைத் திருத்தலாம் என்றார் புராஜெக்ட் மேனேஜர். வருடச் சந்தா கட்டி ஒரு வரி ஸ்கிரிப்ட் போட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்றார் சேல்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர். தானியங்கிச் சோதனையை பில்டிலேயே, அதாவது கோடைத் தொகுத்து ஓடவைக்கும் கட்டத்திலேயே, மாட்டிவிடலாம் என்றான் குழுவிலேயே இளைய டெவலப்பர். டிசைனர் மட்டும், அந்த சீட் வரைபடத்தை வரையும்போதே வேறு மாதிரி யோசித்திருக்க வேண்டும் என்றார். நான்கையும் ஏதோ ஓர் அளவில் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான்குக்கும் ஒரே எடை கிடையாது, அதனால் இங்கே ஒரே நீளமும் கிடைக்காது.

முதலில் அந்த ஒரு வரி ஸ்கிரிப்ட். 'ஓவர்லே' என்பார்கள். திரையின் மூலையில் ஒரு மனித உருவப் பொத்தான் வரும். அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், வாசிக்கச் சொல்லலாம். இலவசக் காலத்தில் போட்டுப் பார்த்தோம். சீட் வரைபடம் அப்படியேதான் இருந்தது. இருக்கத்தானே செய்யும்! பக்கத்தில் எங்குமே எழுதப்படாத ஒன்றை, இது 14, கீழ்ப் படுக்கை, ஜன்னல் ஓரம் என்று எந்த ஸ்கிரிப்ட் ஊகிக்கும்? மேலும், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவரிடம் அவருக்குப் பழகிய குரல் ஏற்கெனவே இருக்கிறது. நாம் இன்னொரு குரலைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பேசும். இந்தத் துறையின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஆக்சஸிபி, தன் ஏஐ கருவி எந்த இணையதளத்தையும் டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச அணுகல்தன்மை விதிகளுக்கு உட்பட்டதாக ஆக்கிவிடும் என்று விளம்பரம் செய்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2025இல் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. காசு மிச்சம்.

கடைசியில் தணிக்கை என்ற யோசனை அப்படித் தள்ளக்கூடியதல்ல. பெரும்பாலான நிறுவனங்கள் செய்வது அதைத்தான். அதில் என்ன சிக்கல் என்பதற்கு என்னிடம் ஒரு பழைய கதையும் ஒரு சொந்தக் கதையும் இருக்கின்றன.

பழைய கதை சிட்னியில் நடந்தது. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்ஸ் இணையதளத்தை பிரெயில் கருவி வழியாகப் படிக்க முயன்ற புரூஸ் மகுவைர், படங்களுக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் எழுத்து) இல்லை, முடிவு அட்டவணைகளைப் படிக்க முடியவில்லை என்று 1999இல் புகார் கொடுத்தார். ஏற்பாட்டுக் குழுவின் பதில் என்ன தெரியுமா? இதையெல்லாம் திருத்த ஓர் ஆள் தினம் எட்டு மணி நேரம் வீதம் 368 நாள் உழைக்க வேண்டும் என்றார்கள். ஒரு சிறு குழு நான்கே வாரத்தில் முடித்துவிடலாம் என்று மகுவைர் தரப்பு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் மகுவைர் பக்கமே தீர்ப்பளித்து, போட்டி தொடங்கும் செப்டம்பர் 15க்குள் திருத்தச் சொன்னது. ஏற்பாட்டுக் குழு முழுதாகத் திருத்தவில்லை, 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. 368 நாள் கணக்கு பொய்யோ மிகையோ, அது இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் யாருடைய வாயிலிருந்தும் அப்படி ஒரு கணக்குதான் வரும். எங்கள் மேனேஜர் வாயிலிருந்தும் வந்தது.

சொந்தக் கதை இது. சீட் வரைபடத்தைத் திருத்த எங்களுக்கு எட்டு வேலை நாள் ஆயிற்று. சீட்டைக் கீபோர்டுக்குக் கொண்டுவருவது ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த 'டிவ்'வின் மேல் என்னென்னவோ தொங்கிக்கொண்டிருந்தன. கட்டணக் கணக்கு அதன் கிளிக்கில் இருந்தது. பெண் பயணிக்குப் பக்கத்துப் படுக்கை ரோஸாக மாற வேண்டும் என்ற விதி அதன் நிறத்தில் இருந்தது; தகவலாக எங்குமே இல்லை, நிறமாக மட்டுமே இருந்தது. டெஸ்டிங் ஸ்கிரிப்ட்டுகள் எல்லாம் அதன் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றை இழுத்தால் மூன்று கழன்றது. அப்புறம் வேறொரு நிறுவனத்துக்கு இதே போன்ற வரைபடத்தை முதலிலிருந்து செய்தபோது ஒன்றரை நாளில் முடிந்தது.

சுவர் பூசி பெயின்ட் அடித்த பிறகு ஒயரிங் பார்க்கும் வேலை இது. ஒயரிங் பார்க்க வந்த தணிக்கையாளர் மேல் தப்பில்லை. அவர் கொடுத்த அறிக்கையில் 71 குறைகள் இருந்தன. பிரித்துப் பார்த்தால் உண்மையான காரணம் பதினொன்றுதான். ஒரே பட்டன் பதினாறு பக்கத்தில் இருந்தால் பதினாறு முறை எழுதுவது அவர் கடமை. அதே சமயம் தணிக்கைக்கு ஓர் இடம் உண்டு. அரசுத் தளம் என்றால் ஜிஐஜிடபிள்யூ என்ற அரசு இணையதள வழிகாட்டுதல் இருக்கிறது, மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் சான்றிதழ் கேட்பார்கள். டெண்டரில் ஐஎஸ் 17802 என்று இந்திய அணுகல்தன்மைத் தரத்தைக் கேட்கும் ஒரு வரி இருந்தால் வெளியார் கையெழுத்து வேண்டும். அதற்குத் தணிக்கை தேவை. குறையைக் கண்டுபிடிக்கும் முதல் ஆளே தணிக்கையாளர் என்ற நிலைமைதான் கூடாது.

தானியங்கிச் சோதனை எனக்குப் பிடித்த விஷயம், அதனால் அதைக் கொஞ்சம் கடுமையாகவே பார்க்கிறேன். ஆக்ஸ், லைட்ஹவுஸ், வேவ் என்ற சோதனைக் கருவிகள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மதியத்தில் பில்டோடு இணைத்துவிடலாம். மாற்று உரை இல்லாத படம், லேபிள் இல்லாத உள்ளீட்டுப் பெட்டி, மங்கிய எழுத்து இவற்றோடு வரும் கோடைத் திருப்பி அனுப்பிவிடும். இது சின்ன லாபமல்ல. வெப்எய்ம் அமைப்பு வருடா வருடம் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் குறை இருந்தது, 79 சதவீதத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய வேறுபாடு இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கு அந்த ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 விகிதத்தில் வேண்டும் என்பது விதி. ஒரு நிமிட வேலை; அதையே உலகம் செய்யவில்லை.

ஆனால் எங்கள் சீட் பக்கத்துக்கு லைட்ஹவுஸ் கொடுத்த மதிப்பெண் 96. குறைந்த நாலு மார்க்கும் "ஏசி ஸ்லீப்பர்" என்று வெளிர் சாம்பலில் எழுதியிருந்ததற்கு! சீட்டே தேர்ந்தெடுக்க முடியாத பக்கத்துக்கு 96. கருவியைக் குறை சொல்ல முடியாது. ஒரு 'டிவ்'வைச் சொடுக்கினால் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரியாது. அலங்காரக் கட்டம் என்று நினைத்துத் தாண்டிவிடும். படத்துக்கு 'ஐஎம்ஜி 2041' என்று மாற்று உரை எழுதினாலும் பாஸ்தான். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017இல் வேண்டுமென்றே 142 தடைகளை வைத்து ஒரு பக்கம் செய்து, பிரபலமான கருவிகளை அதன்மேல் ஓடவிட்டது. எல்லாக் கருவிகளின் கண்ணிலும் படாமல் தப்பியவை ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு. ஆக, தானியங்கிச் சோதனை வாட்ச்மேன் வேலைக்குச் சரி. ஒருமுறை சரிசெய்தது மறுபடி கெடாமல் பார்த்துக்கொள்ளும். வீட்டை அது கட்டித் தராது.

சரி, டிசைனர் சொன்னதற்கு வருவோம்.

சில தடைகள் கோடில் பிறப்பதே இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த பிரக்யா பிரசூன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களிடம், வங்கிக் கணக்கு தொடங்கும்போது ஆளை அடையாளம் சரிபார்க்கும் டிஜிட்டல் கேஒய்சியில் "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று திரை கேட்டது. சிமிட்ட முடியாதவர் உயிரோடு இருப்பதாகவே அது ஒப்புக்கொள்ளாது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, கேஒய்சியை மாற்ற 20 உத்தரவுகள் போட்டது நீதிமன்றம். அந்த "சிமிட்டுங்கள்" எங்கே பிறந்தது? ஏதோ ஒரு மீட்டிங்கில், தேவைகளை எழுதிய ஆவணத்தில், ஒரு வரியாக. மாற்று உரை, நிற வேறுபாடு எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் அந்த ஒரு வரி அவரை வெளியே நிறுத்திவிடும். எங்கள் தளத்திலும் அப்படி ஒன்று இருந்தது: சீட்டைத் தேர்ந்தெடுத்த பின் ஐந்து நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும். நண்பர் இரண்டு பயணிகளின் விவரத்தைக் காதால் கேட்டு நிரப்பி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. பஸ் நிறுவனத்திடம் பேசி, "இன்னும் நேரம் வேண்டும்" என்று ஒரு பட்டன் வாங்கினோம். இதை எந்த டெவலப்பரும் தனியாக முடிவு செய்ய முடியாது.

டிசைன் கட்டத்தில் நாங்கள் சேர்த்தது பெரிய சடங்கெல்லாம் இல்லை. தொடக்கூடிய ஒவ்வொன்றுக்கும் டிசைனர் மூன்று வரி எழுத வேண்டும்: அதன் பெயராகக் காதில் என்ன விழும், கீபோர்டில் எப்படி அங்கே போவது, நிலை மாறினால் என்ன கேட்கும். சீட்டுக்கு எழுதும்போதுதான் எங்களுக்கே உறைத்தது, 'ஜன்னல் ஓரம்' என்ற சொல் தளத்தில் எங்குமே இல்லை என்று. கட்டம் இருக்கும் இடம்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு சீட்டும் உண்மையான செக்பாக்ஸ். "14, கீழ்ப் படுக்கை, ஜன்னல் ஓரம், 850 ரூபாய், தேர்வு செய்யப்படவில்லை" என்று கேட்கும். வரைபடத்துக்குப் பக்கத்தில் அதையே பட்டியலாகவும் காட்டினோம். போனில் கேட்பவர்களுக்கு புக் செய்து தரும் கவுன்ட்டர் ஊழியர்கள் இப்போது அந்தப் பட்டியலைத்தான் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். படித்துச் சொல்ல வசதியாம்.

இப்படிச் செய்த பட்டன், தேதி, சீட் எல்லாவற்றையும் பொதுவான பாகங்களாக எடுத்து வைத்தோம். அடுத்த புராஜெக்ட்டில் டெவலப்பர் அணுகல்தன்மையைப் பற்றி யோசிக்காமலே பாதி வேலை முடிந்திருக்கும். பிரிட்டன் அரசின் கவ் டாட் யூகே டிசைன் சிஸ்டம் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது, எல்லாருக்கும் திறந்தும் வைத்திருக்கிறது. பிறந்த தேதி போல் நினைவிலிருக்கும் தேதிக்கு அவர்கள் காலண்டரே காட்டுவதில்லை. நாள், மாதம், வருடம் என மூன்று பெட்டி, அவ்வளவுதான். பஸ் டிக்கெட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. நாங்கள் "இன்று, நாளை, நாளை மறுநாள்" என்று மூன்று பட்டனும், மற்ற நாளுக்கு பிரவுசரே தரும் தேதிப் பெட்டியும் வைத்தோம். அழகான காலண்டர் போனதில் பஸ் நிறுவன முதலாளிக்கு வருத்தம்தான்.

இந்த வழியின் செலவை மறைக்கக் கூடாது. முதல் மாதம் மெதுவாகத்தான் போகும். டிசைனர் முனகுவார். காட்டுவதற்கு எதுவும் இல்லாததால் வாடிக்கையாளர் "என்ன சார் இன்னும் டெமோ வரலையே" என்பார். பாகங்கள் சரியாக இருந்தாலும் அவற்றை அடுக்குவதில் கோட்டை விடலாம்: தலைப்புகளின் வரிசை, பாப்அப் மூடிய பின் கர்சர் எங்கே போய் நிற்கிறது, பிழைச் செய்தி காதில் விழுகிறதா என்பதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் பார்க்க வேண்டியவை.

இதோடு சேர்த்து எடுக்க வேண்டிய இன்னொரு முடிவு: இது யார் பொறுப்பு? ஒரு நிபுணரை வைத்துக்கொள்வதா, எல்லாருக்கும் கொஞ்சம் சொல்லித்தருவதா? பெரிய நிறுவனத்துக்கு நிபுணர் வேண்டும். ஏழு பேர் குழுவில் "அணுகல்தன்மையை அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒருவரை உட்காரவைத்தால், அவர் வேலை மாறும் நாளோடு விஷயம் முடிந்தது. எங்களுக்கு நடந்தது அதுதான். இரண்டே ரிலீஸில் புதிய பாப்அப்பெல்லாம் லேபிள் இல்லாமல் வந்து நின்றது. இப்போது 'முடிந்தது' என்பதன் வரையறையிலேயே எழுதிவிட்டோம்: மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு முழு முன்பதிவையும் செய்து காட்டினால்தான் அந்த வேலை முடிந்ததாகக் குறிக்கப்படும். ஐந்து நிமிடம் ஆகும். இதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

பயன்படுத்துபவரை எப்போது கூப்பிடுவது? வயர்ஃபிரேம், அதாவது பக்கத்தை வெறும் படமாக வரைந்து பார்க்கும் கட்டத்தில் பார்வையற்றவரைக் கூப்பிட்டுப் பயனில்லை, படத்தை ஸ்கிரீன் ரீடர் எப்படிப் படிக்கும்? வாயால் கேட்கலாம்: நீங்கள் எப்படி சீட் தேர்ந்தெடுப்பீர்கள், என்ன தெரிய வேண்டும் என்று. ஓடக்கூடிய முதல் பில்ட் வந்ததும் கையில் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துக் கூப்பிட வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நண்பருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தமிழில் தளம் செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் அறிவிக்காவிட்டால், ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயலும். சில குரல்கள் தமிழ் எழுத்தை அப்படியே விழுங்கிவிடும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழ் பேசும், கரகரப்பாக இருந்தாலும் புரியும். அதற்கு மொழி மாறுவது தெரிய வேண்டும். பழைய எழுத்துரு விவகாரம் இதைவிட மோசம். பஸ் நிறுவனம் தந்த பயண விதிமுறைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பார்வைக்கு அட்சர சுத்தமான தமிழ். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், அதனால் 'அம்மா' என்பது காதில் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று விழும். எந்தத் தானியங்கிக் கருவியும் இதைப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். உள்ளடக்கம் யாரிடமிருந்து, எந்த வடிவில் வருகிறது என்பதையும் முதல் நாளே கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி, யாருக்கு எது? புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை: தேவைகளை எழுதும்போதும் டிசைனிலும் வையுங்கள், பாகங்களாகச் சேருங்கள், தானியங்கிச் சோதனையைக் காவலுக்கு வையுங்கள், முதல் பில்டிலேயே பயன்படுத்துபவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய தளம் என்றால் முழுத் தணிக்கையில் பணத்தைக் கொட்ட வேண்டாம். மக்கள் அதிகம் போகும் ஒரே ஒரு பாதையை, எங்கள் விஷயத்தில் தேடுவதிலிருந்து டிக்கெட் கைக்கு வருவது வரை, தணிக்கை செய்து, வரும் குறைகளைப் பக்கம் பக்கமாக இல்லாமல் பாகம் பாகமாகத் திருத்துங்கள். தனி ஆளாகச் செய்பவர் எச்டிஎம்எல்லில் பிறவியிலேயே உள்ள பட்டன், லேபிள், செக்பாக்ஸ் ஆகியவற்றை விட்டு விலகாமல் இருந்தாலே பெரிய குழுக்கள் பலவற்றை முந்திவிடுவார். சட்டத்துக்காக என்றாலும் கணக்கு மாறாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளுக்கும் பொருந்தும். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கு வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டது.

திருத்திய பிறகு நண்பரை மறுபடி கூப்பிட்டோம், இந்த முறை கட்டணத்தோடு. ஊர், தேதி, பஸ் எல்லாம் தடையில்லாமல் போனது. சீட் பட்டியலில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் 14இல் நின்றார். தேர்வு செய்யவில்லை. "எல்லாம் சரி சார், இதில் டிரைவருக்குப் பக்கத்தில் எது? நான் இறங்க வேண்டிய இடம் வந்தால் அவர்தானே எழுப்பிவிட வேண்டும்" என்றார். வரைபடத்தில் ஸ்டியரிங் படம் மேல் மூலையில் இருந்தது. பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. டிசைனர் நோட்டை எடுத்தார்.